திருப்பூர் அழுதால் உலகமயமாக்கல் நல்லது என்று ஆகிவிடுமா?

கேள்வி: வாசகர் ஒருவர், 28 ஆகஸ்ட் 2025

முப்பது வருஷமாக "உலகமயமாக்கல் நம்மை அழித்துவிட்டது" என்று எழுதிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நேற்றிலிருந்து "ஐயோ, அமெரிக்கா 50% வரி போட்டுவிட்டது, திருப்பூர் போச்சு" என்று எழுதுகிறார்கள். கடை மூடினால் அழுகிறீர்கள் என்றால் கடையால் நன்மை இருந்தது என்றுதானே பொருள்? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

28 ஆகஸ்ட் 2025, இரவு

என்னைப் போன்ற ஆட்களைத்தான் கேட்கிறீர்கள். முன்பு ஓர் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டுக் கடைகளோடு ஆர்டர் விஷயம் பேசுகிறவராக, இருந்தேன். இப்போது சொந்தமாகச் சின்ன பவர் டேபிள் யூனிட். அடுத்தவர் வெட்டிக் கொடுக்கிற பீஸைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறேன். எனக்கு வேலை தருகிற இரண்டு கம்பெனிகளில் ஒன்று முழுக்க அமெரிக்காவுக்குச் செய்கிறது. நேற்று மதியம் அங்கிருந்து போன்: கட்டிங் முடிந்ததை மட்டும் தைத்து அனுப்புங்க, மிச்சத்தைப் பிறகு பேசிக்கலாம். எப்போது என்று நான் கேட்கவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

அழுகிறோம், சரி. எதற்காக இந்த வரி என்று பார்த்தீர்களா? 7 ஆகஸ்ட் அன்று 25%. நேற்று இன்னொரு 25%. அது இந்தியா ரஷ்யாவிடம் கச்சா எண்ணெய் வாங்குவதற்கான தண்டனை. எங்கள் யூனிட்டில் ஓவர்லாக் மெஷினில் துணி ஓரம் தைக்கிற அக்கா ரஷ்ய எண்ணெய் வாங்கவில்லை, வாங்கச் சொல்லவும் இல்லை. வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்றால் குறைவது அவர் சம்பளம். விமர்சித்தவர்கள் சொன்னது முக்கியமாக இதைத்தான்: முடிவெடுப்பவர் ஒருவர், அடி வாங்குபவர் வேறொருவர், இரண்டு பேருக்கும் நடுவில் எந்தப் பேச்சும் இல்லை. நல்ல காலத்தில் இது தெரியாது.

29 ஆகஸ்ட் 2025

"வரியைக் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர்தானே, உங்களுக்கு என்ன?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். காகிதத்தில் அப்படித்தான்.

ஒரு பருத்தி டீ சர்ட் இங்கே கப்பலேறும்போது 5 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அதற்கு ஏற்கெனவே இருக்கிற சுங்கவரி 16.5%, அதாவது 82 சென்ட். இப்போது அதன்மேல் 50% சேர்ந்தால் 3 டாலர் 32 சென்ட். வரி கப்பலேறும் விலைமேல்தான், கடையில் ஒட்டுகிற விலைமேல் கிடையாது. கடையில் அதே சட்டை 20 டாலருக்கு மேல் போகும். இடையில் இருக்கிற அந்தப் பெரிய தொகையிலிருந்து கொஞ்சம் எடுத்துத் தாங்கிக்கொள்ள அங்கே இருப்பவர்களால் முடியும். செய்ய மாட்டார்கள். முதல் மெயிலில் "நாம் நீண்ட நாள் கூட்டாளிகள்" என்று வரும். இரண்டாவது மெயிலில் டிஸ்கவுண்ட் எவ்வளவு என்று வரும். என் மெர்ச்சண்டைசர் காலத்தில் இந்த இரண்டாவது மெயிலை எத்தனையோ தடவை முதலாளி மேஜைக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

முதலாளியால் நூல் மில்லில் குறைக்க முடியாது, அங்கே காசு வைத்தால்தான் நூல். சாயப்பட்டறையில் கொஞ்சம் கேட்டுப் பார்ப்பார். பிறகு என்னிடம் வருவார், பீஸுக்கு ஐம்பது பைசா குறைச்சுக்கங்க என்பார். நான் எங்கே போவது? டெய்லரிடம்தான். அங்கே போய்த்தான் வரி நிற்கிறது.

30 ஆகஸ்ட் 2025

டபுள் எக்ஸ்.எல்., டிரிபிள் எக்ஸ்.எல். கிடைக்காமல் அலைகிறவர்கள் இந்தத் தீபாவளிக்குத் திருப்பூர் காதர்பேட்டை பனியன் சந்தைக்கு வாருங்கள். அமெரிக்க சைஸ் மலையாகக் குவியும்.

2 செப்டம்பர் 2025

"1991க்கு முன்னால் திருப்பூரில் என்ன இருந்தது?" என்ற கேள்விக்கு.

நிறைய இருந்தது. உள்நாட்டுக்குப் போகிற வெள்ளை பனியன், ஜட்டி. கல்கத்தா வியாபாரிகள், பம்பாய் வியாபாரிகள். 1970களின் கடைசியில் இத்தாலிக்காரர் ஒருவர் பம்பாய் வழியாக இங்கே பனியன் தேடி வந்தார். கொஞ்ச நாளில் ஐரோப்பியச் சங்கிலிக் கடைகள் வந்தன. 1981இல் சி அண்ட் ஏ. ஆக, 1991இல் மன்மோகன் சிங் நம் சந்தையைத் திறந்துவிட்ட பட்ஜெட்டைப் படிப்பதற்குப் பத்து வருஷம் முன்பே உலகம் இங்கே வந்துவிட்டது. ஜூலை 1991இல் இரண்டு தவணையாக ரூபாய் மதிப்பைக் குறைத்தார்களே, அது ஏற்றுமதிக்காரர்களைத் தூக்கிவிட்டது உண்மைதான். ஆனால் அதற்குள் கட்டிங் மாஸ்டர், சாயம், பிரிண்டிங், நிட்டிங், அட்டைப்பெட்டி என்று ஊர் முழுக்க ஆட்கள் தயாராக இருந்தார்கள். கொள்கை ஒரு ஊரை உருவாக்கியது என்று எழுதுகிறவர்கள் ஊரை வந்து பார்த்ததில்லை.

4 செப்டம்பர் 2025

1991 பற்றிக் கேட்ட அதே நண்பர் "திறந்த சந்தை வந்ததால்தான் முன்னேற்றம்" என்கிறார். எந்தத் திறந்த சந்தை அண்ணா?

1961லிருந்து பணக்கார நாடுகள் பருத்தித் துணிக்குக் கட்டுப்பாடு வைத்திருந்தன. 1974இல் அதுவே பல்லிழை ஒப்பந்தம் ஆனது. எந்த நாடு எந்த நாட்டுக்கு எத்தனை பீஸ் அனுப்பலாம் என்று கோட்டா. உலக வர்த்தக அமைப்பு 1995இல் வந்த பிறகும் பத்து வருஷம் தவணை வாங்கிக்கொண்டு, 1 ஜனவரி 2005 அன்றுதான் முழுசாக எடுத்தார்கள். நாற்பது வருஷத்துக்கும் மேல். தங்கள் ஊர் மில்களைக் காப்பாற்ற அவர்கள் அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார்கள். நம் விவசாயிக்கும் கைத்தறிக்கும் "உடனே திற" என்று பாடம்.

கோட்டா காலத்தில் இங்கே அதுவே ஒரு சொத்து. கோட்டா கையில் இருப்பவர் ஊசி தொடாமல் அதை விற்றே பிழைத்தார். 2004 கடைசியில் எல்லோரும் கடன் வாங்கி மெஷின் இறக்கினார்கள், கோட்டா போனால் வானமே எல்லை என்று. சீனா, பங்களாதேஷ், வியட்நாமுக்கும் அதே வானம் என்பது பலருக்கு உறைக்கவில்லை.

7 செப்டம்பர் 2025

உலகமயமாக்கலைத் திட்டுகிறவர்கள் சொல்லத் தயங்குகிற ஒன்றையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அப்பா ஊர் காங்கேயம் பக்கம். சின்ன வயதில் எங்கள் பெரியப்பா தோட்டத்தில் ஒரு குடும்பம் பண்ணையத்துக்கு இருந்தது. வருஷக் கூலி, முன்பணம், அந்த முன்பணம் தீராமல் அடுத்த வருஷம். டீக்கடையில் அவர்களுக்குத் தனி டம்ளர். அந்த வீட்டுப் பையன் ஒருநாள் பஸ் ஏறித் திருப்பூருக்குப் போனான். முதலில் கைமடி என்கிற உதவியாள் வேலை, அப்புறம் பேட்லாக் தையல் மெஷின் பழகி டெய்லர். சனிக்கிழமை ஆனால் கையில் காசு. பெரியப்பா ரொம்ப நாள் புலம்பினார்: "தோட்டத்துக்கு ஆளே வர மாட்டேங்கறாங்க, எல்லாம் பனியன் கம்பெனி கெடுத்தது." கெடுக்கட்டும். இத்தாலிக்காரனின் ஆர்டர் எங்கள் ஊரில் செய்ததைச் சட்டமும் செய்யவில்லை, கட்சிகளும் செய்யவில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் இதை ஒப்புக்கொள்வது கஷ்டம், ஏனென்றால் நஷ்டம் எங்களுக்கு.

அதோடு கதை முடிவதில்லை என்பதும் இருக்கிறது. அந்தப் பையன், இப்போது அவருக்கும் வயதாகிவிட்டது, இன்னும் டெய்லர்தான். முதலாளி ஆனவர்கள் யார் யார் என்று திருப்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நிலமும் சொந்தக்காரர்களும் கடன் கொடுக்க ஆளும் இருந்தவர்கள். கண் கொஞ்சம் மங்கினால் நைஸ் துணியில் தையல் நேராக வராது. டெய்லர் செக்கிங்குக்குப் போவார், செக்கிங்கிலிருந்து வாட்ச்மேன் வேலைக்கு. வாழ்நாள் முழுக்க பீஸ் ரேட்டில் தைத்தவருக்கு பி.எஃப். இருந்திருந்தால் அதிர்ஷ்டம்.

8 செப்டம்பர் 2025

தோழர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "பண்ணையத்திலிருந்து மீட்டது ஏற்றுமதி என்கிறீர்கள். 1984 போராட்டத்தை மறந்துவிட்டீர்களா?"

மறக்கவில்லை தோழர். பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம். அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். எங்கள் தெருவில் பல வீடுகளில் அடுப்பு எரிந்ததே சொந்த ஊரிலிருந்து வந்த சோளத்தில்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். பஞ்சப்படி கிடைத்தது. ஆனால் ஒரே கூரைக்குக் கீழ் நிறைய ஆட்களை வைத்தால் சங்கம் வரும் என்று முதலாளிகள் கற்றுக்கொண்டார்கள் என்பது பழைய சங்கத்துக்காரர்கள் சொல்வது. வேலையைத் துண்டு துண்டாக வெளியே கொடுப்பது அதற்குப் பிறகு சூடுபிடித்தது. என்னைப் போன்ற பவர் டேபிள்காரன் அந்த ஏற்பாட்டில் பிறந்தவன்தான். நானே முதலாளி, நானே தொழிலாளி. ஊதியப் பேச்சுவார்த்தை நடக்கும்போது எந்தப் பக்கம் உட்காருவது என்று இன்னமும் தெரியாது. சிரிப்பாக இருந்தாலும் நிஜம்.

வெளிநாட்டு பையருக்கு, அதாவது ஆர்டர் தருகிற கடைக்காரருக்கு, இந்தத் துண்டு ஏற்பாடு ரொம்ப வசதி. ஆயிரம் டெய்லர் இருந்தும் ஒரு டெய்லருக்கும் அவர் பொறுப்பில்லை.

9 செப்டம்பர் 2025

ஆடிட், அதாவது பையர் தரப்பு ஆட்கள் வந்து கம்பெனியைச் சோதிப்பது, பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: ஆடிட் நாளன்று முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருக்கும், தீயணைப்பு சிலிண்டர் சிவப்பாகப் பளபளக்கும், கக்கூஸில் சோப்பு இருக்கும். மறுநாள் சோப்பைத் தேடாதீர்கள். இரண்டு கணக்கு நோட்டுப் போட்டு ஒன்றை மட்டும் காட்டுகிற கம்பெனியில் நானே வேலை பார்த்திருக்கிறேன். ஆடிட் செலவு பையர் கொடுப்பதில்லை, அதுவும் நம் தலையில்.

14 செப்டம்பர் 2025

நொய்யல். இதை எழுதாமல் இந்தக் கேள்வி பதில் இழை நியாயமாக இருக்காது.

அம்மா பிறந்த ஊர் ஒரத்துப்பாளையத்துக்குக் கிழக்கே. வெள்ளிங்கிரி மலையில் புறப்பட்டு, கோவை, திருப்பூர் வழியாக வந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற ஆறு. அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் அணை கட்டி முடித்தார்கள், பாசனத்துக்காக. சரியாக அந்த வருஷங்களில்தான் மேலே திருப்பூரில் ஏற்றுமதி ஏறுமுகம். நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள், உப்பும் சாயமும் கலந்த தண்ணீர் எல்லாம் ஆற்றில். அணை நிறைந்தது, எதனால் என்று சொல்லத் தேவையில்லை. உலகத்தில் விவசாயிகளே "அணையைத் திறக்காதே" என்று போராடிய இடம் வேறு எங்காவது உண்டா?

தாத்தா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்துபோகும். தென்னை காய்ப்பு குறைந்தது. மாடு தொட்டியில் வாய் வைத்துவிட்டு ஒதுங்கிப் போகும். குடிக்க லாரித் தண்ணீர். வேடிக்கை என்னவென்றால் இன்னொரு பக்கம் கிராமத்துக் கிணறுகளிலிருந்து நல்ல தண்ணீர் லாரி லாரியாகப் பட்டறைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிற்பாடு பவானி பக்கத்திலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார்கள். ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவு, தனியார் பங்கோடு. அந்தத் தண்ணீரும் சாயமாகி வெளியே வர வேண்டியதுதானே.

2003இல் நொய்யல் பாசன விவசாயிகள் சங்கம் உயர் நீதிமன்றம் போனது. டிசம்பர் 2006இல் தீர்ப்பு: ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது, அதுவரைக்கும் விடுகிற தண்ணீருக்கு லிட்டருக்கு 6 பைசா அபராதம், அது 8, 10 என்று ஏறும். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்படியும் நிற்கவில்லை. 28 ஜனவரி 2011 அன்று எல்லாச் சாயப்பட்டறைகளையும், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது.

அன்று நான் கம்பெனியில்தான் இருந்தேன். பையருக்கு மெயில் அடிக்கச் சொன்னார்கள். "எங்கள் ஊரில் ஒரு ஆறு செத்துவிட்டது, நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடிவிட்டது, மூன்று வாரம் அவகாசம் வேண்டும்" என்று நாகரிகமாக எழுதி அனுப்பினேன். பதிலில் ஆற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஷிப்மென்ட் தேதி மாறாது, தேவையென்றால் உங்கள் செலவில் விமானத்தில் அனுப்புங்கள் என்று இருந்தது. துணியை வெளி மாநிலங்களுக்கு அனுப்பிச் சாயமேற்றி வாங்கினோம். பக்கத்து மாவட்டங்களில் ராத்திரியில் ஓடுகிற அனுமதியில்லாத பட்டறைகள் முளைத்தன. எங்கள் ஆற்றைக் காப்பாற்ற இன்னொருவர் கிணறு.

அம்மா அன்றைக்கு போனில் சந்தோஷமாகப் பேசினார். எனக்கு அந்த மாதச் சம்பளம் வருமா என்ற கவலை.

15 செப்டம்பர் 2025

"சாயப்பட்டறை முதலாளிகளின் பேராசைக்கு உலகமயமாக்கலை ஏன் இழுக்கிறீர்கள்?" நியாயமான கேள்வி. நேற்று எழுதியதில் அவர்களை லேசாக விட்டுவிட்டது போல இருக்கிறது, விடவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அரசு எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்நியச் செலாவணி வருகிறதே என்று கண்ணை மூடிக்கொண்டார்கள்.

ஆனால் பின்னால் நடந்ததையும் பாருங்கள். அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது, பட்டறைகள் கடன்மேல் கடன் வாங்கி சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற ஆர்.ஓ., ஆவியாக்கி மெஷின் எல்லாம் போட்டன. இன்று திருப்பூர் சாயத் தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. கழிவு உப்பை என்ன செய்வது என்பதுதான் இப்போதைய தலைவலி. இந்தச் செலவு ஒவ்வொரு கிலோ துணியிலும் ஏறுகிறது. பக்கத்து நாட்டில் இந்தச் செலவு இல்லாமல் ஒருவர் விலை சொல்கிறார். பையர் இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார், தன் இணையதளத்தில் "தண்ணீரைப் போற்றுவோம்" என்று ஒரு பக்கமும் வைத்திருக்கிறார். ஆற்றைக் காப்பாற்றிய ஊருக்கு ஒரு சென்ட் கூடக் கிடைக்காது என்றால் அடுத்த ஊர் ஏன் காப்பாற்றும்? இதற்குத்தான் இழுத்தேன்.

20 செப்டம்பர் 2025

பங்களாதேஷ் மேல் எல்லோருக்கும் எரிச்சல். போன வருஷம் ஆகஸ்டில் அங்கே ஆட்சி கவிழ்ந்தபோது எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் "ஆர்டர் இங்கே வரும்" என்று பட்டாசு படம் போட்டார்கள். இந்த ஆகஸ்டில் அங்கே உள்ள குழுக்களில் அதே படத்தை எங்களுக்காகப் போட்டிருப்பார்கள்.

ராணா பிளாசாவை நினைத்துக்கொள்ளுங்கள். 24 ஏப்ரல் 2013, டாக்கா அருகே சவாரில் எட்டு மாடிக் கட்டடம். முந்தைய நாளே சுவரில் விரிசல். கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடிக்கொண்டன. மேலே தைக்கிறவர்களை மட்டும் மறுநாள் காலை உள்ளே அனுப்பினார்கள், ஆர்டர் அவசரம். 1,134 பேர். இடிபாட்டில் கிடந்த லேபிள்களைப் பார்த்துத்தான் எந்தக் கடைக்குத் தைத்தார்கள் என்று உலகத்துக்கே தெரிந்தது. எனக்கு அந்த அவசரம் தெரியும். அந்த மாதிரி மெயிலுக்கு "நிச்சயம் அனுப்பிவிடுகிறோம்" என்று பதில் போடுவதுதான் என் வேலையாக இருந்தது.

ஒன்றுமட்டும் நடந்தது: அடுத்த மாதமே ஐரோப்பியக் கடைகள் தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்துகிற தீ, கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. அதுவரை "எங்களால் முடியாது, அது உள்ளூர் சப்ளையர் பொறுப்பு" என்றவர்கள்.

21 செப்டம்பர் 2025

மேலே உள்ளதைப் படித்துவிட்டுக் கல்லூரி மாணவர் ஒருவர் பொருளாதார அறிஞர் மிலனோவிச்சின் யானை வரைபடத்தை அனுப்பியிருக்கிறார். நல்ல வரைபடம். 1988லிருந்து 2008 வரை உலகில் யார் வருமானம் எவ்வளவு கூடியது என்பது கோடாகப் போட்டால் யானை மாதிரி வருகிறது. முதுகின் உச்சியில் ஆசியாவின் நடுத்தரம், துதிக்கை இறங்குகிற பள்ளத்தில் பணக்கார நாடுகளின் கீழ்நடுத்தரம், தூக்கிய துதிக்கை நுனியில் உலகத்தின் பெரும் பணக்காரர்கள்.

தம்பி, இந்த 50% வரி அந்தப் பள்ளத்திலிருந்து வந்த ஓட்டு. அங்கே நூல் மில்லும் தையல் ஆலையும் மூடிப்போன ஊர்களின் கோபம். அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். அது நுனியைப் பிடித்துக் கேட்டிருக்க வேண்டும். முதுகில் உட்கார்ந்திருந்த எங்கள் ஓவர்லாக் அக்காமேல் விழுந்திருக்கிறது.

23 செப்டம்பர் 2025

சரக்கு மட்டும்தான் எல்லை தாண்டியது என்று நினைக்காதீர்கள். 2007இல் டாலர் 44 ரூபாயிலிருந்து 39 வரை இறங்கியது. ஆர்டர் எடுத்த அன்று ஒரு விலை, காசு வரும்போது வேறு. அப்போது வங்கி அதிகாரிகள் டை கட்டிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக வந்தார்கள். "செலவே இல்லாத பாதுகாப்பு" என்று ஒரு திட்டம். சுவிஸ் ஃபிராங்க், ஜப்பான் யென் என்று என்னென்னவோ. டாலரில் ஜட்டி விற்கிறவருக்கு சுவிஸ் ஃபிராங்க் எதற்கு என்று கேட்க முதலாளிகளுக்கு வெட்கம், கேட்டால் படிக்காதவன் என்று தெரிந்துவிடும். அந்த நாணயங்கள் ஏறினால் நஷ்டம் கம்பெனிக்கு என்பது திட்டத்துக்குள் இருந்தது. 2008இல் யென்னும் ஃபிராங்கும் ஏறின. பனியன் தைத்துப் பத்து வருஷம் சேர்த்ததைத் தையலே தெரியாத ஒரு காகிதம் கொண்டுபோனது. பாதிக்கப்பட்டவர்கள் திருப்பூரிலேயே சங்கம் வைத்து வழக்குப் போட்டார்கள். 2011 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி 19 வங்கிகளுக்கு அபராதம் போட்டது. எவ்வளவு தெரியுமா? வங்கிக்கு 5லிருந்து 15 லட்சம். கோடி என்று நான் எழுத்துப்பிழை செய்யவில்லை, லட்சம்தான்.

2 அக்டோபர் 2025

நேற்று ஆயுத பூஜை. மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், பொரி. எங்கள் யூனிட்டில் பாதிப்பேர் ஒடிசா, பீகார் பையன்கள். சாமி கும்பிடுவதில் எங்களைவிட அவர்கள் சுத்தம்.

"வடக்கத்தியர் வந்து கூலியைக் குறைத்துவிட்டார்கள்" என்று இந்த இழையிலேயே இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். கூலியை அவர்கள் குறைக்கவில்லை. ரேட் ஏறாததால் உள்ளூர்ப் பிள்ளைகள் வரவில்லை, அந்த இடத்துக்கு அவர்கள் வந்தார்கள். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியபோது ரயில் நிலையத்தில் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். போகாதீர்கள் என்று முதலாளிகள் இந்தியில் பேசி வீடியோ போட்டார்கள். 2020இல் கொரோனா வந்து ஆர்டர் எல்லாம் ரத்தானபோது இதே ஆட்களிடம் யாரும் போகாதீர்கள் என்று சொல்லவில்லை.

துணிக்கு உலகம் முழுக்க வழி இருக்கிறது. பணத்துக்கு ஒரு பொத்தான் போதும். ஒடிசாவின் மயூர்பஞ்சிலிருந்து வந்த பையனுக்குத் திருப்பூரில் ரேஷன் அட்டையில் அரிசி வாங்குவதே சமீப காலம் வரை நடக்காத காரியம். உலகமயமாக்கல் என்று சொல்லும்போது எது எது நகரலாம், எது நகரக்கூடாது என்று யாரோ பட்டியல் போட்டிருக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

9 அக்டோபர் 2025

"புலம்பல் போதும், என்னதான் வேண்டும் உங்களுக்கு? கதவை மூடவா?" என்று கேட்டவருக்கு.

கதவை மூடினால் முதலில் மூடுவது என் யூனிட். அது வேண்டாம். எனக்கு வேண்டியது ரொம்பச் சாதாரணம். ஆர்டர் போட்ட பிறகு ரத்து செய்தால் துணிக்கும் கூலிக்கும் காசு கொடுக்க வேண்டும் என்று ஒரு சட்டம், அதை அவர்கள் ஊர் நீதிமன்றத்தில் கேட்க நமக்கு வழி. ராணா பிளாசாவுக்குப் பிறகு கையெழுத்துப் போட்ட மாதிரி இங்கே கூலிக்கும் தண்ணீருக்கும் ஒரு கையெழுத்து. துணி தைக்கிற நாடுகள் ஒன்றையொன்று பார்த்து விலை குறைப்பதற்குப் பதிலாகக் குறைந்தபட்சத் தையல் கூலி ஒன்றைப் பேசி வைப்பது. எண்ணெய் விற்கிற நாடுகள் கூடி விலை பேசினால் அது ராஜதந்திரம், நாம் பேசினால் சந்தை கெட்டுவிடும் என்பார்கள். நடக்குமா என்றால் எனக்குச் சந்தேகம்தான். பங்களாதேஷ்காரரோடு உட்கார்ந்து பேச எங்கள் ஊரில் பத்துப் பேர் வர மாட்டார்கள்.

நம் வீட்டுக்குள்ளேயே செய்யக்கூடியதும் இருக்கிறது. பவர் டேபிள்காரர்களுக்குக் கம்பெனிகள் 45 நாளில் பணம் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அதற்கு உலக வர்த்தக அமைப்பு தேவையில்லை. சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, கேட்டால் அடுத்த ஆர்டர் வராது.

11 அக்டோபர் 2025

பருத்தி இறக்குமதி வரி 11% நீக்கியதைப் பற்றி யாரும் கேட்கவில்லையே என்று பார்த்தேன். அமெரிக்க வரியை எங்களைப் போன்றவர்கள் தாங்கட்டும் என்று மத்திய அரசு ஆகஸ்ட் 19லிருந்து எடுத்துவிட்டது, இப்போது டிசம்பர் கடைசி வரை நீட்டிப்பு. எங்களுக்கு நூல் விலையில் கொஞ்சம் மூச்சு. விதர்பாவிலும் தெலங்கானாவிலும் பருத்தி எடுக்கிற சமயம் பார்த்து விலையில் அடி. அமெரிக்க வரியின் ஒரு துண்டு திருப்பூரைத் தாண்டிப் பருத்திக் காட்டுக்கும் போய்விட்டது. 29 ஆகஸ்டில் டெய்லரிடம் போய் நிற்கிறது என்று எழுதினேன், இன்னும் கொஞ்சம் தூரம் போகிறது என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

18 அக்டோபர் 2025

போனஸ் கொடுத்தாயிற்று. போன வருஷ அளவு கொடுக்க முடியவில்லை, யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை, அதுதான் உறுத்துகிறது. பீகார் பையன்கள் கிளம்பிவிட்டார்கள். சத் பூஜை, அப்புறம் நவம்பரில் அங்கே தேர்தல், ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் வருவார்களாம்.

பிரிட்டன் ஒப்பந்தம் பற்றிக் கேட்டவர்களுக்கு: ஜூலை 24 அன்று கையெழுத்தானது, இன்னும் அமலுக்கு வரவில்லை. வந்தால் அங்கே நமக்கு வரி இருக்காது. அதை நம்பி எனக்கு வேலை தரும் இன்னொரு கம்பெனி ஒரு லண்டன் கடைக்குச் சாம்பிள் போட்டிருக்கிறது. சாம்பிள் பாஸ். ரேட் பேசும்போது வரப்போகிற வரிச் சலுகையைக் கடைக்காரர் இப்போதே கழித்துக்கொண்டு விலை சொல்கிறாராம். அந்தக் கணக்கில் என் தையல் கூலி பீஸுக்கு ஒரு ரூபாய் குறைகிறது. செவ்வாய்க்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை தீபாவளி.